காபூலில் கணக்குக் கேட்டவர்கள்



பொதுப்பணத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருவராவது மேடையேறிப் பேசவேண்டும் என்று விரும்பி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை ஏற்படுத்தினார்கள். இந்த ஆண்டு நான் ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். தணிக்கைத் தொழிலில் இருப்பவர்களும் இனி வரப்போகிறவர்களும் அந்த நாட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அயலார் கொடுத்த பணத்தில் ஒரு நாடு மறுபடி கட்டப்பட்டது. அமெரிக்கா மட்டுமே மறுசீரமைப்புக்கென்று ஏறத்தாழ 14,500 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்துக்குக் காவலும் போடப்பட்டது. தணிக்கை அலுவலகங்கள், சிறப்புப் புலனாய்வுப் படை, மேற்பார்வை ஆணையம், தனி நீதிமன்றம், கூட்டுக் குழு என்று எதற்கும் குறைவில்லை. அறிக்கைகள் மலைபோல் குவிந்தன. அத்தனையும் இருந்தும் 2021 ஆகஸ்டில் அந்த நாட்டின் அரசு சில நாட்களில் உதிர்ந்து விழுந்தது. காவலில் எங்கே பிழை என்பதுதான் என் கேள்வி.

காபூல் வங்கியிலிருந்து தொடங்குகிறேன். 2004-இல் அந்த வங்கியை நிறுவியவர் ஷேர்கான் பர்னூத். ஹவாலா வியாபாரி; உலகப் போட்டிகளில் சீட்டாடிப் பெயர் வாங்கியவர். தலைமை நிர்வாகி கலீலுல்லா பிரோஸி. பங்குதாரர்களில் ஒருவர் அதிபர் ஹமீத் கர்சாயின் அண்ணன் மஹ்மூத் கர்சாய். இன்னொருவர் துணை அதிபர் பஹீமின் தம்பி ஹசீன் பஹீம். அரசின் சம்பளப் பட்டுவாடா இந்த வங்கிக்குக் கிடைத்தது. சிப்பாய், போலீஸ்காரர், பள்ளி ஆசிரியர் என்று லட்சக்கணக்கானோரின் மாதச் சம்பளம் இதன் வழியாகப் போனது. அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவிப் பணம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு நாட்டின் வரிசெலுத்துவோர் கொடுத்த பணம், இன்னொரு நாட்டின் ஆசிரியர் கைக்குப் போகும் வழியில் இந்தக் கல்லாவில் தங்கியது.

வங்கியில் இரண்டு கணக்கு இருந்தது. மேற்பார்வையாளருக்குக் காட்டுவதற்கு ஒன்று. உண்மைக் கணக்கு பர்னூத்தின் ஹவாலாக் கடையான ஷாஹீன் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. இல்லாத நிறுவனங்களின் பெயரில் கடன் எழுதப்பட்டது. அவற்றுக்கு ரப்பர் முத்திரைகள் செய்து வைத்திருந்தார்கள். ஒரு கடன் முதிர்ந்தால் இன்னொரு பொய்க் கடனால் அதை அடைத்தார்கள். பணம் துபாய்க்குப் போய்ப் பனைமர வடிவத் தீவில் மாளிகைகளாக மாறியது. வங்கியின் பணத்தில் வாங்கிய பாமிர் ஏர்வேஸ் விமானங்களில் சாப்பாட்டுத் தட்டுகளுக்குள் நோட்டுக்கட்டுகள் போனதாகவும் விசாரணையில் பதிவானது. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது, வங்கி கொடுத்த மொத்தக் கடனில் 92 விழுக்காட்டுக்கு மேல், அதாவது சுமார் 86 கோடி டாலர், பத்தொன்பது தனிநபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போயிருந்தது.

2010 செப்டம்பரில் செய்தி வெடித்தது. காபூலில் வங்கிக் கிளைகளின் வாசலில் கூட்டம் நெரிந்தது. ரம்ஜான் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அரசு தன் கஜானாவிலிருந்து 82 கோடி டாலருக்கு மேல் கொட்டி வங்கியைத் தாங்கிப் பிடித்தது. பன்னாட்டு நாணய நிதியம் தன் திட்டத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்தது. அதை நம்பியிருந்த மற்ற உதவிகளும் தேங்கின. மத்திய வங்கியின் ஆளுநர் அப்துல் காதர் பித்ரத் 2011 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் கடன் வாங்கியோரின் பெயர்களை வாசித்தார். ஜூன் மாதம் அவர் அமெரிக்காவில் இருந்தார். உயிருக்கு ஆபத்து என்றார்.

தணிக்கை மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மத்திய வங்கிக்குள்ளேயே அமெரிக்க உதவிப் பணத்தில் அமர்த்தப்பட்ட தனியார் ஆலோசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வை செய்வது எப்படி என்று ஆப்கானியருக்குச் சொல்லித்தருவது அவர்கள் வேலை. மோசடியின் அறிகுறிகள் அவர்கள் கண்ணில் பட்டிருந்தன. தங்களை அமர்த்திய உதவி நிறுவனத்திடம் அவர்கள் அதைச் சொல்லவில்லை. 2010 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் துபாய் மாளிகைகளைப் பற்றிய செய்தி வந்த பிறகே அந்த நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு விஷயம் எட்டியது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அமெரிக்க உதவி நிறுவனத்தின் உள்தணிக்கை அதிகாரிதான். பயிற்சி அளிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மோசடியைக் கண்டால் சொல்வது என்று எழுதியிருக்கவில்லை. ஒப்பந்தத்தில் இல்லாததை மனச்சாட்சியாவது செய்யவைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. எனக்கு இன்றும் கோபம் வருகிற இடம் இது.

இந்தச் சூழலில்தான் நான் முக்கியமாகப் பேச வந்த அமைப்பு பிறக்கிறது. 2010 ஜனவரியில் லண்டனில் உதவி நாடுகள் கூடின. ஊழலுக்கு எதிராக ஆப்கன் அரசு கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க ஒரு சுதந்திரமான குழு வேண்டும் என்று முடிவானது. மார்ச்சில் அதிபரின் ஆணை வந்தது. மூன்று ஆப்கானியர், மூன்று அயல்நாட்டு வல்லுநர். தலைமைப் பதவி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். கூட்டு ஊழல் தடுப்புக் கண்காணிப்பு மதிப்பீட்டுக் குழு என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மெக் என்றே எல்லோரும் அழைத்தார்கள். 2011 மே மாதம் அது வேலையைத் தொடங்கியது. ஸ்லோவேனியாவின் டிராகோ கோஸ், பிரான்சில் எல்ஃப் எண்ணெய் நிறுவன ஊழலை விசாரித்த நீதிபதி ஏவா ஜோலி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பின்னாளில் அதற்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவரான யாமா தொராபி ஆப்கானியர். குடிமக்கள் அமைப்பிலிருந்து வந்தவர்.

குழுவின் வேலை எளிமையானது, கடினமானதும்கூட. அமைச்சகம் ஒவ்வொன்றுக்கும் பரிந்துரை கொடுக்கும். கெடுவும் குறிக்கும். கெடு முடிந்ததும் போய்ப் பார்க்கும். முழுதாக நிறைவேறியதா, பாதியா, தொடவே இல்லையா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாக வெளியிடும். அந்த அறிக்கை அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உதவி நாடுகளுக்கும் ஆப்கன் மக்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். உதவி நாடுகளும் தம் வாக்குறுதிகளைக் காப்பாற்றுகின்றனவா என்று கேட்கும் உரிமையும் அதற்கு இருந்தது. கொடுப்பவர் வாங்குபவர் இருவரையும் ஒரே மேசையில் நிறுத்திக் கேட்கும் அமைப்பு உலகில் மிக அரிது. அதனால்தான் அதன்மீது எனக்கு இவ்வளவு மதிப்பு.

2012 நவம்பரில் காபூல் வங்கி பற்றிய பொது விசாரணை அறிக்கையை மெக் வெளியிட்டது. நான் மேலே சொன்ன விவரங்களில் பலவும் அதிலிருந்து தெரியவந்தவை. வங்கி மேலாளர் செய்த தவறு, மத்திய வங்கி பார்க்கத் தவறியது, தலைமை வழக்குரைஞர் அலுவலகம் இழுத்தடித்தது, அரசியல் தலையீடு எங்கெல்லாம் நுழைந்தது என்று ஒவ்வொன்றையும் அடுக்கி எழுதியிருக்கிறார்கள். மேலைநாட்டு ஆலோசகர்களையும் விடவில்லை. தணிக்கை அறிக்கை எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும்.

ஆனால் மெக்குக்குப் பற்கள் கிடையாது. சம்மன் அனுப்ப முடியாது, கைது செய்ய முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. 2013 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது பர்னூத்துக்கும் பிரோஸிக்கும் ஆளுக்கு ஐந்தாண்டு கிடைத்தது. 2014-இல் புதிய அதிபர் அஷ்ரப் கனி பதவியேற்ற சில நாட்களிலேயே வழக்கை மறுபடி திறந்தார். மேல்முறையீட்டில் தண்டனை பத்தாண்டு ஆனது. நாடே நம்பிக்கை கொண்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், தண்டனை அனுபவிக்க வேண்டிய பிரோஸி, காபூலில் பிரமாண்டமான குடியிருப்புத் திட்டத்தின் ஒப்பந்த விழாவில் அரசு அதிகாரிகளுடன் உட்கார்ந்திருந்தார். கூச்சல் எழுந்த பிறகே அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பர்னூத் 2018-இல் சிறையில் இறந்தார். போன பணத்தில் பெரும்பகுதி திரும்பவே இல்லை.

இதில் ஆப்கானியரை மட்டும் குறை சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது நியாயமில்லை. 2010 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கர் பயிற்சி அளித்த புலனாய்வுப் படை, அதிபர் மாளிகையில் பணிபுரிந்த முகம்மது சியா சலேஹி என்பவரைக் கைது செய்தது. ஒரு பெரிய ஹவாலா நிறுவனத்தின் மீதான விசாரணையைத் தடுக்க, மகனுக்குக் கார் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. தொலைபேசிப் பேச்சு பதிவாகியிருந்தது. சில மணி நேரத்தில் கர்சாயின் உத்தரவால் அவர் வெளியே வந்தார். விசாரணைக்குத் துணைநின்ற துணைத் தலைமை வழக்குரைஞர் பஸல் அஹமது பகீர்யார் அடுத்த மாதம் வேலை இழந்தார். சலேஹி பல ஆண்டுகளாக அமெரிக்க உளவுத்துறையிடம் பணம் வாங்கிவந்தவர் என்று அதே மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். வாஷிங்டன் காபூலில் அதைத்தான் செய்தது. ஒரு துறை ஊழல் தடுப்புக்குச் சம்பளம் கொடுத்தது. இன்னொரு துறை அதிபர் அலுவலகத்துக்கே பைகளில் ரொக்கம் கொண்டுபோய்க் கொடுத்தது. 2013-இல் கர்சாயே அதை ஒப்புக்கொண்டார். ராணுவத்தின் சரக்கை லாரிகளில் கொண்டுபோக 216 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த லாரிகள் பத்திரமாகப் போய்ச்சேர வழியிலிருந்த ஆயுதக் குழுத் தலைவர்களுக்குக் காசு போனதை 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்றே விரிவாக எழுதியது. தாலிபான்களின் எதிரி என்ற ஒரே தகுதியால் கொள்ளையர்கள் ஆளுநர்களாகவும் காவல் தலைவர்களாகவும் ஆனார்கள். ஊழலைப் பற்றி யாராவது பேசினால், போர் நடக்கும்போது இது வேண்டாம், முதலில் பாதுகாப்பு என்று வாயடைத்தார்கள். அந்த ஊழலே பாதுகாப்பைத் தின்றுகொண்டிருந்தது. நீதிமன்றத்தில் லஞ்சம் கேட்டார்கள் என்பதால் ஊரில் பாதிக்கப்பட்டவன் தாலிபான் காஜியிடம் போனான். 2012-இல் ஆப்கானியர்கள் கொடுத்த லஞ்சம் மொத்தம் 390 கோடி டாலர் என்று ஐ.நா. போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் ஆய்வு கணக்கிட்டது. 

அமெரிக்க நாடாளுமன்றம் 2008-இல் அமைத்த சிறப்புத் தணிக்கைத் தலைவர் அலுவலகத்தைப் பற்றி மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2012 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஜான் சோப்கோ அதன் தலைவராக இருந்தார். அஞ்சாமல் எழுதினார். இத்தாலியிலிருந்து 54 கோடியே 90 லட்சம் டாலர் திட்டத்தில் வாங்கிய இருபது சரக்கு விமானங்களில் பதினாறு, பவுண்டுக்கு ஆறு சென்ட் விலையில் காயலான் கடைக்குப் போன கதை அவர் மூலம்தான் வெளிவந்தது. ஹெல்மந்தில் 64,000 சதுர அடியில் கட்டி ஒருநாளும் பயன்படாமல் போன தலைமையகக் கட்டடமும் அப்படியே. ஏட்டில் மட்டும் இருந்து சம்பளம் வாங்கிய சிப்பாய்களைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டார். ஹெல்மந்தில் பத்தில் நாலு பேர் அப்படிப்பட்டவர்கள் என்று 2016-இல் மாகாண சபைத் தலைவர் பகிரங்கமாகச் சொன்னார். கைரேகையோடு சேர்த்த சம்பளப் பதிவு வந்தபின் 2019-இல் படையின் எண்ணிக்கை ஒரேயடியாகச் சுமார் 42,000 குறைந்தது.

அந்த அலுவலகத்தின் நேர்மையை நான் வணங்குகிறேன். ஆனாலும் அது யாருக்குப் பதில் சொன்னது? அமெரிக்க வரிசெலுத்துவோருக்கு. அது அதன் கடமை. டாலர் எங்கே வீணானது என்று அது பார்த்தது. ஏட்டில் மட்டும் இருந்த சிப்பாயை நம்பித் தன் காவல்சாவடியில் தனியாக நின்று செத்த இளைஞனின் தாய்க்காக அது எழுதவில்லை. அவள் கேள்வி கேட்டிருந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்ட அலுவலகம் அது இல்லை. கண்காணிப்பு என்றால் யார் சார்பில் கண்காணிப்பு என்பதை முதலில் கேட்க வேண்டும். ஆப்கானிஸ்தானில் கண்கள் ஏராளம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பணம் வந்த திசையைப் பார்த்து அறிக்கை எழுதிய கண்கள்.

இந்தியா வேறு வழியில் போனது. சரஞ்ச் முதல் தேலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலையை நம் எல்லைச் சாலை அமைப்பே போட்டது. அந்தப் பணியில் நம்மவர்களும் ஆப்கானியரும் உயிரிழந்தார்கள். ஹேராத்தின் சல்மா அணை 2016-இல் திறக்கப்பட்டது. நாமே கட்டிக் கொடுத்ததால் பணக் கசிவுக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் டெண்டர் விடவும் அளவெடுக்கவும் பில்லைச் சரிபார்க்கவும் அங்குள்ள பொறியாளர் அந்த வேலையில் கற்றுக்கொண்டது எவ்வளவு என்ற கேள்வி நிற்கிறது. கசிவைத் தவிர்ப்பது வேறு, ஊழலைத் தடுக்கும் அரசை வளர்ப்பது வேறு.

நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் அங்கே உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்களுக்குத் துரோகம். இன்டெக்ரிட்டி வாட்ச் ஆப்கானிஸ்தான் என்ற குடிமக்கள் அமைப்பு, ஊர்மக்களே கட்டட வேலையைக் கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஊர் கூடித் தங்களில் சிலரைத் தேர்ந்தெடுக்கும். சிமென்ட்டுக்கு மணல் எவ்வளவு, அடித்தளம் எத்தனை ஆழம் என்று பார்க்க அவர்களுக்குச் சில நாள் பயிற்சி. பள்ளிக்கூடச் சுவர் எழும்போது அவர்கள் போய் நிற்பார்கள். செங்கல் சரியில்லை என்றால் மாற்றச் சொல்வார்கள். பல இடங்களில் மாற்றவும் பட்டது. அவர்களுக்குப் பெரும் தடை எது தெரியுமா? ஒப்பந்தத்தின் நகல் கிடைக்காததுதான். தங்கள் ஊரில் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டும் பள்ளியின் ஒப்பந்தத்தை அந்த ஊர்க்காரர் பார்க்கக் கூடாது என்று வெளிநாட்டு நிறுவனங்களே மறுத்த இடங்கள் உண்டு.

மெக்கும் தன் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டது. எல்லா அமைச்சகத்துக்கும் பரிந்துரை எழுதிக் குவிப்பதை விட்டு, ஓர் அமைச்சகத்துக்குள் இறங்கி அடிமுதல் நுனிவரை ஆராயும் முறைக்கு மாறியது. சுகாதார அமைச்சர் பிரோசுத்தீன் பிரோஸ் தானே முன்வந்து தன் அமைச்சகத்தை ஆராயச் சொன்னார். தன் வீட்டைத் தானே திறந்துகாட்டிய அமைச்சரை நாம் பார்ப்பது அரிது. 2016-இல் அந்த அறிக்கை வந்தது. மருந்து வாங்குவதிலிருந்து ஆளெடுப்புவரை எங்கெங்கே ஓட்டை என்று எழுதினார்கள். பிறகும் அங்கேயே இருந்து, என்னென்ன அடைபட்டது என்று தொடர்ந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு கல்வி அமைச்சகம். ஆசிரியர் வேலைக்கு லஞ்சம் கொடுத்தே சேரவேண்டிய நிலை பரவலாக இருந்ததை அந்த அறிக்கை எழுதியது. ஓர் ஆப்கானியத் தாயைக் கேட்டிருந்தால் இதை இரண்டு வரியில் சொல்லியிருப்பாள். மெக் நாடு முழுக்க ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டே அதை எழுதியது. அதுதான் அந்த அறிக்கையின் பெருமை.

2020 நவம்பரில் அதிபர் கனி புதிய ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு உறுப்பினர்களை நியமித்து, மெக்கைக் கலைத்தார். ஓர் ஆணையால் பிறந்த குழு இன்னோர் ஆணையால் போனது. அதற்கென்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் எதுவும் இருக்கவில்லை. உதவி நாடுகள் சில வருந்தின. காபூல் தெருவில் யாரும் கூடவில்லை. அந்தக் குழு தங்களுக்காக இருந்தது என்றே பெரும்பாலான மக்களுக்குத் தெரியாது. ஒன்பது மாதத்தில் அரசும் இல்லை.

இப்போது உக்ரைனைப் பாருங்கள். அதுவும் போருக்கு நடுவே அயலார் பணத்தில் நிற்கும் நாடு. அங்கேயும் ஊழல் ஆழமானது. ஆனால் அங்கே தேசிய ஊழல் தடுப்புப் புலனாய்வு அமைப்பு 2014-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. நாபு என்று அழைக்கிறார்கள். கைது செய்யவும் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் அதற்கு வழி இருக்கிறது; 2019-இல் தனி நீதிமன்றமும் வந்தது. அந்த நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அயல்நாட்டு வல்லுநர் குழுவுக்குத் தகுதியற்றவரைத் தடுக்கும் அதிகாரம் இருந்தது. உதவி நாடுகள் தங்கள் செல்வாக்கை இங்கே சட்டம் இயற்றவைப்பதில் செலவிட்டன. காபூலில் அதை அவர்கள் செய்யவில்லை.

2025 ஜூலை 22 அன்று உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி, நாபுவின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்று இரவே கீவ் நகரில் இளைஞர்கள் திரண்டார்கள். கையில் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதிய வாசகங்கள். ரஷ்ய ஏவுகணைகள் விழும் நகரம் அது. லிவிவ், ஒடேசா என்று மற்ற ஊர்களிலும் கூடினார்கள். ஐரோப்பிய நாடுகளும் கண்டித்தன. ஜூலை 31-இல் நாடாளுமன்றம் அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது. நவம்பரில், நாட்டின் அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டமில் சுமார் 10 கோடி டாலர் அளவுக்கு நடந்த கமிஷன் ஊழலை நாபு வெளிக்கொணர்ந்தது. இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். நாடு இருட்டில் மூழ்கி, மின்நிலையங்கள்மீது தாக்குதல் நடந்துகொண்டிருந்த குளிர்கால முகப்பு அது. போர் முடியட்டும் என்று யாரும் அவர்களை நிறுத்திவைக்க முடியவில்லை.